ஷிஃப்ட் முடிஞ்சாச்சு... இனி மணி சொல்றது யாரு? - மூங்கில்துறைப்பட்டில் ஓர் ஓய்வுக்காலக் கணக்கு

அதிகாலை மூன்றே முக்கால். அலாரம் அடிக்கவில்லை, யாரும் எழுப்பவில்லை. ஆனாலும் கண் திறந்துகொள்கிறது. கால் தானாகக் கட்டிலுக்கு அடியில் செருப்பைத் துழாவுகிறது. அப்புறம்தான் ஞாபகம் வருகிறது. போன மாதத்தோடு வேலை முடிந்துவிட்டது!

முப்பது வருடம் மூன்று ஷிஃப்டிலும் மாறி மாறி உழைத்தவர்களின் உடம்பு, ரிட்டையர்மென்ட் ஆர்டரைப் படிப்பதில்லை. கையெழுத்துப் போட்டு, மாலை வாங்கி, போட்டோ எடுத்து வீட்டுக்கு வந்த பிறகும் அது பழைய ஷிஃப்டையே பார்த்துக்கொண்டிருக்கிறது. அதற்குப் புது நேரம் பழக்கிக் கொடுப்பதுதான் ஓய்வுக்காலத்தின் முதல் வேலை. சொல்லப்போனால், பலருக்கு அதுதான் கடினமான வேலை.

இந்த விஷயத்தைப் பேச மூங்கில்துறைப்பட்டு நல்ல இடம். கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் வடக்கு ஓரத்தில், தென்பெண்ணை ஆற்றங்கரையில் இருக்கிற ஊர். சங்கராபுரத்திலிருந்து திருவண்ணாமலை போகிறவர்கள் இதைத் தாண்டித்தான் போகவேண்டும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் திருவண்ணாமலை மாவட்டம். மேற்கே கல்வராயன் மலை. ஆனால், வெளியூர்க்காரர்களிடம் ஊர்ப் பேரைச் சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது ஆறும் இல்லை, மலையும் இல்லை... சர்க்கரை ஆலை! கள்ளக்குறிச்சி - 1 கூட்டுறவு சர்க்கரை ஆலை இருப்பது இங்கேதான் (இரண்டாவது ஆலை கச்சிராயபாளையத்தில்).

சர்க்கரை ஆலை இருக்கிற ஊருக்கு இரண்டு கடிகாரம். ஒன்று ஷிஃப்ட். இன்னொன்று பருவம். பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் அரவை தொடங்கினால் கோடை வரை ஓடும். அந்த மாதங்களில் ராத்திரி, பகல் கிடையாது. வெட்டிய கரும்பு காய்ந்தால் சர்க்கரைக் கட்டுமானம் இறங்கும் என்பதால் டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கும், எடைமேடை தூங்காது, டீக்கடையும் தூங்காது. அரவை நின்றதும் ஊரே கொஞ்சம் மூச்சு விடும். பிறகு இயந்திரங்களைப் பிரித்து, பழுது பார்த்து, மறுபடியும் பூட்டுகிற மாதங்கள். பருவகாலத் தொழிலாளர்கள் வீட்டில் இருப்பார்கள். கோயில் திருவிழா, கல்யாணம், வீட்டுக்கு வெள்ளை அடிப்பது எல்லாம் அந்த இடைவெளியில்தான் நடக்கும்.

இப்படி வாழ்ந்த ஒருவரிடம் 'இனிமேல் நேரம் முழுக்க உங்களுக்குத்தான்' என்று சொன்னால் என்ன ஆகும்?

ஒரு கணக்குக்கு ஒருவரை நினைத்துக்கொள்வோம். சர்க்கரை ஆலை ஒன்றின் பாய்லர் பிரிவில் 1995-ல் வேலைக்குச் சேர்ந்து, 2025-ல் 58 வயதில் வெளியே வந்தவர். பெயர் வேண்டாம், பாய்லர்காரர் என்றே வைத்துக்கொள்வோம். சக்கையை எரித்து நீராவி எடுக்கிற இடத்தில் முப்பது வருடம். புகைபோக்கியில் வரும் புகையின் நிறத்தைப் பார்த்தே உள்ளே எரிவது சரியா, தப்பா என்று சொல்லிவிடுவார். வீட்டில் கேஸ் அடுப்பைப் பற்றவைத்ததில்லை!

முதல் மூன்று மாதம் தேனிலவு

அமெரிக்க சமூகவியலாளர் ராபர்ட் ஆட்ச்லி, 1976-ல் எழுதிய ஓய்வின் சமூகவியல் பற்றிய நூலில் ஓய்வுபெறுகிறவர்கள் சில கட்டங்களைக் கடப்பதாகச் சொன்னார். முதலில் தேனிலவு. பிறகு ஏமாற்றம். அதற்கப்புறம், 'சரி, இனி எப்படி?' என்று திசை மாற்றிக்கொள்வது. கடைசியாக, ஒரு நிலையான அன்றாடம். எல்லோரும் எல்லாக் கட்டத்தையும் இதே வரிசையில் கடந்தாகவேண்டும் என்று அவரே சொல்லவில்லை. சிலர் நேராக நிலையான அன்றாடத்துக்கே போய்விடுவார்கள். சிலர் ஏமாற்றத்திலேயே நின்றுவிடுவார்கள்.

நம் பாய்லர்காரருக்கும் தேனிலவு உண்டு. திருப்பதி, பழனி, மகள் வீடு, தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்த பல் டாக்டர். பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம். பதினான்கு கிலோமீட்டரை நடந்து முடித்து, விடியற்காலை பஸ்ஸில் தூங்கிக்கொண்டே வந்து இறங்குவது. வேலையில் இருந்தபோது பௌர்ணமியும் ஷிஃப்டும் ஒத்துவந்தால்தான் உண்டு.

சிக்கல் நான்காவது மாதம் ஆரம்பிக்கும். போகவேண்டிய ஊருக்கெல்லாம் போயாச்சு. பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விட்டார்கள். காலை டிபன் முடிந்தால் மணி எட்டரை. மத்தியானச் சாப்பாட்டுக்கு இன்னும் நான்கு மணி நேரம் கிடக்கிறது. டீக்கடையில் 'என்னண்ணே, இன்னைக்கு நைட் ஷிஃப்டா?' என்று பழக்கதோஷத்தில் ஒருவர் கேட்க, இவர் சிரித்துக்கொண்டே 'எனக்கு எல்லா நாளும் லீவுதாம்பா' என்பார். அந்தச் சிரிப்பு முதல் தடவை நிஜம். பத்தாவது தடவை அப்படி இருக்காது.

ஆலை ஊரில் இதற்கு இன்னொரு கூர்மை உண்டு. ஓய்வுக்குப் பிறகு வருகிற முதல் அரவைப் பருவம். டிராக்டர் சத்தம் ராத்திரி முழுக்கக் காதில் விழும். பாகு வாசனை காற்றில் வரும். கூட வேலை பார்த்தவர்கள் கரி படிந்த சட்டையோடு வீட்டு வழியாகப் போவார்கள். சென்னையில் ஒரு அலுவலகத்தில் ஓய்வுபெற்றவர் அந்தத் தெருப்பக்கமே போகாமல் இருந்துவிடலாம். இங்கே ஆலை வீட்டுக்குள்ளேயே வந்துவிடும்.

உடம்புக்குள் ஒரு ஷிஃப்ட் இன்சார்ஜ்

அதிகாலை விழிப்புக்கு வருவோம். நம் உடம்பின் செல்களுக்குள் 24 மணி நேரக் கணக்கில் ஓடும் ஒரு கடிகாரம் இருக்கிறது. அது எப்படி ஓடுகிறது என்பதைக் கண்டுபிடித்ததற்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ரோஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது முக்கியமாக வெளிச்சம். ஷிஃப்ட் தொழிலாளிக்கு ஒரு வாரம் பகலில் தூக்கம், அடுத்த வாரம் இரவில் தூக்கம். சாவி கொடுப்பவர் வாரம் ஒருமுறை மாறிக்கொண்டே இருந்தால் கடிகாரம் என்னதான் செய்யும்?

போதாக்குறைக்கு, வயதாக ஆக இந்தக் கடிகாரம் கொஞ்சம் முன்னால் நகரும். எட்டு மணிக்கே கொட்டாவி வரும், நாலு மணிக்கே விழிப்பு வரும். அது பெரும்பாலும் நோய் இல்லை. ஆனால், 'தூக்கமே வரலை' என்று பயந்து, பகலில் இரண்டு மணி நேரம் தூங்கி, ராத்திரி பன்னிரண்டு மணி வரை செல்போன் பார்த்தால் அது நிஜமாகவே பிரச்னையாகிவிடும்.

இதற்கு மருந்துக்கடைக்கு ஓடவேண்டாம். முதலில் செய்யவேண்டியது, தினமும் ஒரே நேரத்தில் எழுந்து, காலை வெளிச்சத்தில் வெளியே நிற்பது. மத்தியானம் கண் அசந்தால் இருபது நிமிடத்தோடு எழுந்துவிடுவது. மூன்று மணிக்கு மேல் டீ, காபியைக் குறைப்பது. இதையெல்லாம் செய்தும் வாரக்கணக்கில் தூக்கம் பிடிக்கவில்லை, பகலில் எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் டாக்டரைப் பார்க்கவேண்டும். ஓய்வுக்குப் பிறகு வரும் மனச்சோர்வு பல நேரம் 'வயசாயிடுச்சு' என்ற ஒரு வார்த்தைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

நடையைப் பொறுத்தவரை, 65 வயது தாண்டியவர்களுக்கும் வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது ஐந்து நாள், அரை மணி நேரம். கூடவே, தடுமாறி விழாமல் இருக்க உடம்பை நிலைநிறுத்தும் பயிற்சிகள் வாரத்தில் மூன்று நாள். வயலுக்குப் போய் வருகிறவருக்கு இந்த 150 நிமிடம் ஒரு பொருட்டே இல்லை. ஆனால், ரிட்டையர் ஆனதும் பைக்கை எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போய், பைக்கிலேயே திரும்பி வருகிறவர்கள்தான் அதிகம். அவர்களைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

ஆற்றங்கரையில் நடக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தென்பெண்ணைக்கும் ஒரு ஷிஃப்ட் உண்டு, அது மேலே சாத்தனூர் அணையின் கையில் இருக்கிறது. 2024 டிசம்பர் 2 அதிகாலை, ஃபெஞ்சல் புயல் மழையில் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிடப்பட்டபோது கரையோர ஊர்கள் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மழை மாதங்களில் நடை பாதையை ஊருக்குள் மாற்றிக்கொள்வதில் வெட்கமில்லை.

ஜப்பானில் 1928-ல் வானொலியில் ஓர் உடற்பயிற்சி நிகழ்ச்சி ஆரம்பித்தார்கள். இன்றும் காலை ஆறரை மணிக்குப் பூங்காக்களில் பெரியவர்கள் கூடி, அந்த இசைக்குக் கை, காலை நீட்டி மடக்குகிறார்கள். பத்தே நிமிடம். அந்தப் பயிற்சியில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஆனால், அதே நேரம், அதே இடம், அதே முகங்கள். ஒருவர் இரண்டு நாள் வரவில்லை என்றால் மூன்றாவது நாள் யாராவது வீட்டுக் கதவைத் தட்டிவிட முடியும். நம் ஊர் டீக்கடை பெஞ்சும் இந்த வேலையைச் செய்யும்... வடையை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொண்டால்!

4,500 ரூபாயில் ஒரு மாதம்

நேரத்தைப் பற்றிப் பேசிவிட்டுப் பணத்தைப் பேசாமல் போனால் அது ஏமாற்று வேலை. நிம்மதியான அன்றாடம் என்பது காலண்டரில் மட்டும் இல்லை, பாஸ் புக்கிலும் இருக்கிறது.

அரசு ஊழியரின் ஓய்வூதியமும் ஆலைத் தொழிலாளியின் ஓய்வூதியமும் ஒன்றில்லை. வருங்கால வைப்புநிதியோடு சேர்ந்த இ.பி.எஸ்-95 திட்டம் 1995 நவம்பர் 16-ல் தொடங்கியது. கணக்கு எளிது. ஓய்வூதியத்துக்கான சம்பளத்தைப் பணிபுரிந்த ஆண்டுகளால் பெருக்கி, 70-ஆல் வகுக்கவேண்டும். 20 ஆண்டு முடித்தவர்களுக்கு இரண்டு ஆண்டு போனஸாகச் சேரும். ஆனால், அந்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருக்கிறது. 2014 செப்டம்பர் முதல் 15,000 ரூபாய். அதற்கு முந்தைய காலத்துக்கு 6,500 ரூபாய்தான் கணக்கு.

நம் பாய்லர்காரரின் முப்பது வருடத்தை இதில் போட்டால், மாதம் 4,500 ரூபாயை ஒட்டி வரும். கடைசியில் அவர் வாங்கிய சம்பளம் இதைப்போல ஐந்தாறு மடங்கு இருந்திருக்கலாம். அதற்கும் ஓய்வூதியத்துக்கும் சம்பந்தமில்லை. (உச்சவரம்புக்கு மேல் பங்களிப்பு செலுத்தியவர்களின் கணக்கு தனி. 2022 நவம்பர் 4-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு அவர்களைப் பற்றியது.) இந்தத் திட்டத்தில் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014-ல் 1,000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. அதை உயர்த்தச் சொல்லித்தான் இத்தனை வருடமாகப் போராட்டங்கள்.

இதனால், கையில் மொத்தமாக வரும் பணம்தான் முக்கியம். பணிக்கொடைக்கான கணக்கு, வருடத்துக்கு 15 நாள் சம்பளம். மாதத்தை 26 நாளாக எடுத்துக்கொள்வார்கள். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 26,000 ரூபாய் என்றால், 15 நாளுக்கு 15,000. முப்பது வருடத்துக்கு நாலரை லட்சம். இதோடு வைப்புநிதிப் பணம்.

அந்தப் பணம் வரும் வாரத்திலேயே அதற்கு ஏற்கெனவே நான்கு சொந்தக்காரர்கள் இருப்பார்கள். மகன் ஆரம்பிக்கப்போகும் கடை, மகளுக்கு விட்டுப்போன சீர், மாடியில் ஒரு ரூம், 'மாசம் நாலு வட்டி தர்றோம் மாமா' என்று வருகிற தெரிந்த பையன். கடைசி ஆளை வாசலோடு அனுப்பிவிடலாம். மற்ற மூன்று பேரும் வீட்டு மனிதர்கள் என்பதுதான் கஷ்டம். 'இல்லை' என்று சொல்ல முடியாதவர்கள், தபால் அலுவலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் போல ஒன்றில் முதலில் ஒரு பகுதியைப் போட்டுவிடுவது நல்லது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி கணக்கில் ஏறும். 'பணம் ஐந்து வருஷத்துக்குப் பூட்டியிருக்கு' என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்கும். வழக்கமாக 60 வயது ஆகியிருக்கவேண்டும். ஓய்வுபெற்றவர்கள் 55 வயதுக்கு மேலேயே சேரலாம். ஆனால், பணம் கைக்கு வந்த ஒரு மாதத்துக்குள் போட்டாகவேண்டும் என்பது பழைய விதி. 2023-ல் அது மூன்று மாதமாக நீட்டிக்கப்பட்டது.

ஓய்வூதியம் தர்மமா, உரிமையா என்ற கேள்வியும் ஒரு ஓய்வுபெற்றவரிடமிருந்துதான் வந்தது. மத்திய அரசு 1979-ல் ஓய்வூதியக் கணக்கைத் தாராளமாக்கியபோது, அந்த ஆண்டு மார்ச் 31-க்குப் பிறகு ஓய்வுபெறுகிறவர்களுக்குத்தான் அது என்றது. அதற்கு முன்பே ஓய்வுபெற்றிருந்த டி.எஸ்.நகரா உச்ச நீதிமன்றம் போனார். 1982 டிசம்பர் 17-ல் தீர்ப்பு வந்தது. ஓய்வூதியம் எஜமானர் மனமிரங்கிக் கொடுக்கும் கொடை இல்லை, உழைத்த உழைப்புக்கான உரிமை என்றது நீதிமன்றம். டிசம்பர் 17 இன்றும் ஓய்வூதியர் தினம்.

உரிமைதான். ஆனாலும் வருடத்துக்கு ஒருமுறை, 'நான் உயிரோடு இருக்கிறேன்' என்று நிரூபித்தாகவேண்டும். இ.பி.எஸ் ஓய்வூதியர்கள் நவம்பருக்காகக் காத்திருக்க வேண்டாம், எந்த மாதத்திலும் கொடுக்கலாம். கொடுத்த நாளிலிருந்து ஓர் ஆண்டு செல்லும். தபால்காரரே வீட்டுக்கு வந்து பதிந்து தரும் வசதியும் இருக்கிறது. இரும்பிலும் தீயிலும் தேய்ந்துபோன விரல்களில் ரேகை விழவில்லை என்றால் கவலைப்படவேண்டாம். 2021 முதல் செல்போன் கேமராவில் முகத்தைக் காட்டியே உயிர்வாழ்வுச் சான்று எடுக்கலாம்.

அம்மாவுக்கு எப்போது ரிட்டையர்மென்ட்?

பாய்லர்காரரின் மனைவியை இதுவரை பேசவே இல்லை. பேசாமலே இருந்ததுதான் வழக்கம்.

முப்பது வருடமாக அவரும் ஷிஃப்ட் பார்த்தவர்தான். காலை ஷிஃப்டுக்கு மூன்றரைக்கு எழுந்து டீ, இரவு ஷிஃப்ட் முடித்து வருகிறவர் தூங்கப் பிள்ளைகளைச் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்வது, நடுவில் ரேஷன், மாடு, பள்ளிக்கூடம். வீட்டு வேலைக்கென்று பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம் என்றது மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு. இந்த வேலைக்குப் பணிக்கொடை கிடையாது. ரிட்டையர்மென்ட் தேதியும் கிடையாது.

கணவர் வீட்டோடு வந்த பிறகு, மனைவியின் அன்றாடம்தான் முதலில் உடைகிறது. பதினோரு மணிக்கு மேல் பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பூ கட்டுகிற அந்த ஒரு மணி நேரம் போய்விடும். 'ஒரு டீ போடேன்' என்ற குரல் ஒரு நாளைக்கு நான்கு முறை. சாம்பாரில் உப்பு முதல் மளிகை பில் வரை மேற்பார்வை. ஆலையில் இன்சார்ஜாக இருந்தவருக்கு வீட்டில் கிடைத்திருக்கும் ஒரே தொழிலாளி அவர்தானே! 'ஏங்க, கொஞ்சம் வெளியில போயிட்டு வாங்களேன்' என்று எத்தனை வீடுகளில் கேட்டிருக்கும்?

கணவருக்குச் சுகமான வழக்கம் அமைந்துவிட்டது என்று சொல்லும்போது, அது யாருடைய உழைப்பில் அமைந்தது என்பதையும் பார்க்கவேண்டும். காலை டீயை அவரே போட்டுக்கொள்வதும், ரேஷன் கடை வரிசையை ஏற்றுக்கொள்வதும், வாரத்தில் ஒரு நாள் சோறு வடிப்பதும் உதவி இல்லை. பாதி ஷிஃப்டைப் பிரித்துக்கொள்வது. தவிர, 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. கோயிலோ, தங்கை வீடோ, அவர் போக நினைத்த இடத்துக்கு டிக்கெட் தடை இல்லை. வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் போதும். இப்போதுதான் இருக்கிறாரே!

இன்னொன்றையும் இப்போதே பேசிவிடவேண்டும். ஓய்வூதியர் இறந்துவிட்டால், இ.பி.எஸ் திட்டத்தில் மனைவிக்குக் கிடைப்பது அவர் வாங்கியதில் பாதி. 4,500 என்றால் 2,250. எந்த வங்கி, எந்தக் கணக்கு, ஓய்வூதிய ஆணை எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பது மனைவிக்குத் தெரிந்திருக்க வேண்டும். பல வீடுகளில் தெரியாது. அமங்கலம் என்று நினைத்துத் தள்ளிப்போடுகிற இந்தப் பேச்சைப் பேசி முடிக்க அரை மணி நேரம்கூட ஆகாது.

ஓய்வே இல்லாதவர்கள்

ஆலைக்குக் கரும்பு அனுப்புகிற விவசாயிக்கு 58 என்ற எண்ணுக்கு அர்த்தமில்லை. எழுபது வயதிலும் வெட்டு உத்தரவுக்காக அலைவார், மோட்டார் கொட்டகையில் கரன்ட் வருகிற நேரத்துக்குக் கண் விழிப்பார். கரும்பு வெட்டுகிறவர்களுக்கு உடம்பு எப்போது முடியாமல் போகிறதோ அன்றைக்கு ஓய்வு. அது வரமா, தண்டனையா என்பது பிள்ளைகளைப் பொறுத்தது. தமிழக அரசின் முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாயாக உயர்ந்தது. மருந்துச் செலவில் கொஞ்சம் கைகொடுப்பது, 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்'. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன.

தமிழ்நாட்டு மக்கள்தொகையில் 60 வயது தாண்டியவர்கள் 2021 கணக்கில் 13.6 சதவிகிதம் என்கிறது மத்திய அரசின் மதிப்பீடு. கேரளாவுக்கு அடுத்த இடம். இவர்களில் மாதம் பிறந்தால் ஓய்வூதியம் என்கிற வசதி உள்ளவர்கள் ஒரு பகுதிதான். அதனால், 'ரிட்டையர் ஆனவர் சொகுசாக இருக்கிறார்' என்று டீக்கடையில் விழும் பொறாமைப் பார்வையிலும் நியாயம் இருக்கிறது. முதியோருக்கு ஏதாவது சிக்கல் என்றால், வீட்டில் கொடுமையோ, ஓய்வூதியக் குழப்பமோ, பேச ஆள் இல்லாத தனிமையோ... 14567 என்ற இலவச உதவி எண்ணை அழைக்கலாம்.

மறுபடியும் ஓர் அன்றாடம்

சரி, நம் பாய்லர்காரரின் நாள் எப்படி அமையும்?

பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஐந்து மணிக்கு எழுந்து இருவருக்கும் டீ. வெளிச்சம் வந்ததும் நடை. திரும்பும் வழியில் டீக்கடை பெஞ்ச், பேப்பர். ஒன்பது மணிக்கு மேல் ஒரு வேலை. அது 'பொழுதுபோக்கு' என்று சொல்லக்கூடியதாக இல்லாமல், யாருக்காவது தேவைப்படுகிற வேலையாக இருந்தால் நல்லது. அரை ஏக்கர் வயல் இருந்தால் பிரச்னையே இல்லை. இல்லாவிட்டால், தெருவில் யார் வீட்டு மோட்டார் ஓடவில்லை என்றாலும் இவருக்குத்தான் போன் வரும். ஐ.டி.ஐ படிக்கிற பையன்களுக்கு நீராவிக் குழாய் எப்படி வெடிக்கும் என்று இவரைப் போல யாரும் சொல்லித்தர முடியாது. மத்தியானம் இருபது நிமிடம். சாயங்காலம் பேரப்பிள்ளைகளோ, கோயிலோ, நூலகமோ. ஒன்பதரைக்கு விளக்கு அணைந்துவிடும்.

இது சலிக்காதா? சலிக்கும். ஷிஃப்டும் சலித்ததுதானே! வழக்கம் என்பது ஒரு கட்டில் மாதிரி. தினமும் அதையே நினைத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை, படுத்தால் தாங்கினால் போதும். அதன் மேல் எதை வேண்டுமானாலும் செய்யலாம். உ.வே.சாமிநாதையர் சென்னை மாநிலக் கல்லூரியிலிருந்து 1919-ல் ஓய்வுபெற்றார். அதற்குப் பிறகு சிதம்பரத்தில் ஒரு கல்லூரிக்கு முதல்வராக இருந்தார், பதிப்பு வேலையை நிறுத்தவில்லை. 1940-ல், 85 வயதை நெருங்கும்போது, ஆனந்த விகடனில் 'என் சரித்திரம்' தொடரை ஆரம்பித்தார். 1942 ஏப்ரலில் அவர் மறையும்போது தொடர் முடிந்திருக்கவில்லை. வாரப் பத்திரிகைக்குத் தொடர் எழுதுவது என்றால் என்ன என்று பத்திரிகைக்காரர்களைக் கேட்டுப்பாருங்கள். வாரம் தவறாமல் ஒரு டெட்லைன்!

எல்லோரும் தமிழ்த்தாத்தா ஆகிவிட முடியாது. ஆகவும் வேண்டாம். ஆனால், அடுத்த வாரம் யாரோ ஒருவர் நம்மிடமிருந்து ஒன்றை எதிர்பார்க்கிறார் என்ற நினைப்பு 85 வயதிலும் ஒருவரை மேஜைக்கு அழைத்து வந்திருக்கிறது.

இதற்கெல்லாம் எவ்வளவு நாள் பிடிக்கும்? ஆலை ஊர்க் கணக்கில் சொன்னால், ஓர் அரவைப் பருவமும் ஒரு பழுதுபார்ப்புப் பருவமும் தாண்டவேண்டும். கிட்டத்தட்ட ஒரு வருடம். அவசரப்பட்டு இரண்டாவது மாதமே செக்யூரிட்டி வேலைக்குச் சேர்ந்துவிடுகிறவர்கள் உண்டு. பணம் தேவை என்றால் சரி. வீட்டில் உட்காரப் பிடிக்காமல் என்றால், மறுபடியும் ஒரு நைட் ஷிஃப்டை விலைக்கு வாங்குவதற்கு முன்னால் ஒரு பருவம் பொறுத்துப் பார்க்கலாம்.

அடுத்த பருவம் தொடங்கும் முன் ஆலைகளில் பாய்லர் இளஞ்சூடேற்றும் விழா நடக்கும். பூஜை போட்டு, சக்கையில் முதல் நெருப்பு வைப்பார்கள். நம் பாய்லர்காரரையும் பழைய கூட்டாளிகள் கூப்பிடுவார்கள். வெள்ளை வேட்டியில் போய், கூட்டத்தில் ஓரமாக நிற்பார். பிரசாதம் வாங்கிக்கொண்டு வெளியே வந்து, புகைபோக்கியை ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார். புகை கொஞ்சம் கறுப்பாகத்தான் இருக்கிறது, காற்று சரியாகப் போகவில்லை. புதுப் பையன், இரண்டு நாளில் பிடித்துக்கொள்வான். யாரிடமும் ஒன்றும் சொல்லமாட்டார்.

செல்போனில் மணி எட்டே முக்கால். வீட்டம்மாவுக்கு ஒன்பது மணிக்கு பஸ். மாட்டுக்குத் தண்ணீர் காட்டவேண்டும், அரிசி ஊறப்போட்டாச்சா என்று பார்க்கவேண்டும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டைப் பார்க்க நடப்பார்.